கோட்டுக்காரர் பொண்டாட்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கழுவிய கை காய்வதற்குள் அனிதா டிவியில் அதைப் போட்டுவிட்டாள். அடுத்த வாரம் அப்பாவுக்கு மலைக்கோயிலில் அறுபதாம் கல்யாணம். அதற்கு முன்னால் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ஓர் ஆச்சரியம் கொடுக்கவேண்டும் என்று பெங்களூரில் இருக்கும்போதே யூடியூபில் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். திரையில் மழை பெய்தது. நீளமான கோட்டுப் போட்ட ஒரு நெட்டை மனிதர் கையில் குடை இருந்தும் விரிக்காமல், தொப்பலாக நனைந்தபடி ஒரு பெரிய வீட்டின் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "அய்யோ! நம்ம கோட்டுக்காரரு!" என்று அம்மா மேகலா சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஐம்பத்தாறு வயசுக்காரி சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள் என்றால் யார் நம்புவார்கள்? அனிதா நம்பினாள். அந்தக் கோட்டுக்காரரின் கதைகளைச் சொல்லிச் சொல்லித்தானே அவளுக்கே சோறு ஊட்டினார்கள்.

கைதட்டாதவர் அப்பா ஒருத்தர்தான். திருமலை. "அதெல்லாம் இப்ப எதுக்கு? பழைய குப்ப" என்று எழுந்தார். "கீழ தமிழ்ல எழுத்து ஓடும்ப்பா, நீங்க கதை சொல்லவே வேணாம், ஹாயா உக்காந்து பாருங்க" என்றாள் மகள். அந்த மனுஷன் முகம் போன போக்கை அவள் கவனிக்கவில்லை. டேம் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்தார். நடப்பதற்கு வண்டிச் சாவி எதற்கு என்று கேட்க அங்கே ஆளில்லை.

அந்தக் காலத்து ஓசூரில் கம்பெனிகள் முளைத்த வேகத்துக்கு டிவிகள் முளைக்கவில்லை. பாகலூர் ரோட்டில் நாராயணப்பன் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகள் அத்தனைக்கும் சேர்த்து அவர் வீட்டு ஹாலில் ஒரே ஒரு கலர் டிவி. ஞாயிறானால் தர்மபுரி, கோலார், கோவில்பட்டி என்று எங்கிருந்தோ பிழைக்க வந்த சனம் எல்லாம் அங்கே கூடும். நாராயணப்பன் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், சந்தையில் கன்னடம் பேசுவார், வாடகை கேட்கத் தமிழ் பேசுவார். இங்கிலீஷ் மட்டும் அவருக்கும் தெரியாது, உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியாது. அந்த இங்கிலீஷ் துப்பறியும் தொடரோ வாரம் தவறாமல் வந்தது. கொலை நடப்பது தெரிகிறது, ஆள் பிடிபடுவது தெரிகிறது, நடுவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியாமல் மண்டை காய்ந்துகொண்டிருந்தபோதுதான், ஐடிஐ முடித்துவிட்டுப் பிட்டர் வேலைக்கு வந்திருந்த திருமலை டிவிக்குப் பக்கத்தில் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். "நான் சொல்றன், கேளுங்க" என்றான்.

அடேயப்பா, அது என்ன வாய்! கோட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசுவார், இவன் ஒன்பது வார்த்தை பேசுவான். நாராயணப்பனுக்காக நடுநடுவே தெலுங்கில் வேறு ஒரு வரி போடுவான். கோட்டுக்காரர் குற்றவாளியை மிரட்டமாட்டார், அடிக்கமாட்டார். எதிரே போய்ச் சும்மா நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். அவனே தாங்கமாட்டாமல் கக்கிவிடுவான். "பேசாம இருக்கறவன்கிட்டதான் மனுசன் உண்மைய சொல்லுவான்" என்று திருமலை சொல்லும்போது ஹாலே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனாலும் சனம் காத்திருந்தது கொலைக்காக இல்லை. பொண்டாட்டிக்காக. கோட்டுக்காரர் போனை எடுத்தாலே, "இப்ப பொண்டாட்டிகிட்ட பேசறாரு" என்பான் திருமலை. இன்றைக்கு வர நேரமாகும், நீ சாப்பிட்டுவிட்டுப் படு என்கிறார் என்பான். கடைசியில் அவர் சன்னலோரம் தனியாக நின்று வெளியே பார்ப்பார். அது அவளை நினைத்துத்தான் என்பான். அவளைத் திரையில் ஒரு தரமாவது காட்டக்கூடாதா என்று யாரோ கேட்டதற்கு, "காட்டமாட்டாங்க, அதான் இந்தக் கதையோட அழகு" என்றான். காட்டாத பொண்டாட்டியை அவன் காட்டினான். காபி சூடாகக் குடிக்கமாட்டாள், ஆறவைத்துத்தான் குடிப்பாள். குழம்பில் ஒரு துண்டு வெல்லம் போடுவாள். தலைக்கு மல்லி வைக்கமாட்டாள், நம்மூர்க் கனகாம்பரம் மாதிரி ஓர் ஆரஞ்சுப் பூதான் வைப்பாள். கோபம் வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டாள், அவருடைய டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். இங்கிலாந்தில் ஏது குழம்பு, ஏது டம்ளர் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தெருவுக்கே காதில் பூச்சுற்றினான், சனமும் சந்தோஷமாகக் காதை நீட்டியது.

முன்வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டவள் மேகலா. அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமா வீட்டுக்கு வந்து, பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் ஊரில் ஆம்பிளை பொண்டாட்டியைக் கூப்பிடுவதென்றால் "ஏய்" தான். இப்படி ஒருத்தன், எங்கேயோ பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டும் வீட்டில் இருப்பவளைப் பற்றியே நினைப்பானா என்று அவள் ஏங்கிப்போவாள். திருமலையின் மூஞ்சியை அவள் காதலிக்கவில்லை. காதலிக்கும்படியான மூஞ்சியும் இல்லை அது. இப்படிச் சொல்லத் தெரிந்தவனுக்கு இப்படி நடந்துகொள்ளவும் தெரியும் என்று நம்பினாள். பெற்றவர்கள் வேண்டாம் என்று குதித்தும் அவனைத்தான் கட்டிக்கொண்டாள்.

கட்டிக்கொண்ட மறுநாளிலிருந்து அவள் கோட்டுக்காரர் பொண்டாட்டி ஆனாள். ஆசைப்பட்டுத்தான் ஆனாள். மல்லிகையை விட்டுவிட்டுக் கனகாம்பரம் வைத்தாள். குழம்பில் வெல்லம் போட்டாள். முதல் சண்டையில் கத்த வந்த வாயை மூடிக்கொண்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தபோது, திருமலை அப்படியே குழைந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அது போதாதா? வீட்டில் எந்தச் சண்டையும் டம்ளருக்கு மேல் போனதில்லை. அக்கம்பக்கத்தில் பொறாமைப்படுவார்கள்.

இப்போது திரையில் கோட்டுக்காரர் போனை எடுத்தார். "பாரு பாரு, பொண்டாட்டிகிட்ட பேசப்போறாரு" என்று மேகலா மகளின் தொடையைத் தட்டினாள். கீழே எழுத்து ஓடியது. 'பிணத்தை அறுத்துப் பார்த்தாயிற்றா, டாக்டர்?'

மேகலா எழுத்துக்கூட்டி இன்னொரு தரம் படிப்பதற்குள் அது போய்விட்டது. அடுத்த போனும் டாக்டருக்குத்தான். சன்னலோரம் அவர் நின்றபோது கீழே எழுத்தே ஓடவில்லை. அடுத்த கதையைப் போட்டார்கள். அதில் ஒரு கிழவி கோட்டுக்காரரிடம், வீட்டில் யாரும் காத்திருக்கமாட்டார்களா என்று கேட்டாள். 'நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, அம்மணி' என்றார் அவர்.

அனிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா! அப்பாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து வந்திருக்காதும்மா! எல்லாம் ரீல்!" மேகலாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வரட்டும் மனுஷன், உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அனிதா தையற்கடையில் ரவிக்கை வாங்க வெளியே போனாள். மேகலா காபி போட அடுப்படிக்குப் போய், சிரித்தபடியே திருமலையின் டம்ளரைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.

நாராயணப்பன் வீட்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே பூப்போட்ட திரை ஒன்று தொங்கும். வாடகைக்கு இருக்கிற பயல்கள் முன்னால் வயசுப் பெண் வந்து உட்காரக்கூடாது என்பதால், அவர் மகள் ராஜாத்தி திரைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள். கதை சொல்கிற கூலியாகத் திருமலைக்கு மட்டும் உள்ளிருந்து காபி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டில் காலி டம்ளர் கவிழ்ந்து வந்தது. நாராயணப்பன் அடுப்படியைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினார். திருமலை சிரித்தான். அன்றைக்குத்தான் கோட்டுக்காரர் பொண்டாட்டி முதல் தடவையாகக் கோபித்துக்கொண்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணெதிரே நடந்ததையே கதையில் சேர்த்துவிட்டானே, எத்தனை கெட்டிக்காரன் என்று மேகலா வியந்ததுகூட நினைவிருக்கிறது.

ஒவ்வொன்றாக வந்தது. அந்த வீட்டில் பண்டிகைக்குக் கொடுத்தனுப்பும் குழம்பு இனிக்கும். கிணற்றடியில் கனகாம்பரச் செடி இருந்தது. ராஜாத்திக்குப் பறித்துக் கொடுத்ததே இவள்தான். ராஜாத்தியை மாலூரில் கட்டிக்கொடுத்த வாரம் கதையில் பொண்டாட்டி வரவில்லை. "அம்மா வூட்டுக்குப் போயிருக்கா" என்று திருமலை சுரத்தில்லாமல் சொன்னான். அதற்கப்புறம் கொஞ்ச நாளில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் மேகலாவுக்காக வந்து நின்றான். என்ன பேசுவதென்று தெரியாமல் இவள்தான் கேட்டாள்: "கோட்டுக்காரரு பொண்டாட்டி திரும்பி வந்துட்டாளா?" அவன் இவளை ரொம்ப நேரம் பார்த்தான். "வந்துட்டா" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை நகை மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருந்தாள், பாவி மகள். தன்னைச் சொன்னான் என்று நினைத்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டது. திருமலை உள்ளே வந்து, டிவி அணைந்திருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தைரியமானார். "பாத்தாச்சா? இங்கிலீஷ் தெரியாத பயலக் கட்டிக்கினன்னு சிரிச்சீங்களா?" என்றார். மேகலா பேசவில்லை. அடுப்படி வாசலில் டம்ளரோடு நின்றாள். "எதோ வயசுல, வாய்க்கு வந்தத சொன்னன்" என்றார். அவள் நின்றாள். "எல்லாருக்கும் புடிச்சிதில்ல?" அவள் அப்படியே நின்றாள். ஃபேன் சுற்றியது. அவர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வேர்க்கவேயில்லை.

"அவங்கப்பன் எதிர்ல வேற எப்படி பேசறது, மேகலா?"

கக்கிவிட்டார். கோட்டுக்காரர் வித்தை பலித்துவிட்டது. பலித்திருக்கவேண்டாம் என்று மேகலா எல்லாச் சாமியையும் அந்த நொடியில் வேண்டினாள். ஹாலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சும்மா. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இவளும் சும்மா. அவர் பேசியதெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம்.

"சத்தியமா சொல்றன், அந்தப் புள்ள கல்யாணமாகிப் போனப்பறம் நான் ஒரு தரங்கூட பாத்ததில்ல. எங்க இருக்குதோ, எப்படி இருக்குதோ. உனக்கு எதுனா கொற வச்சனா, சொல்லு?"

"பாக்கணும்னு என்னங்க இருக்குது?" என்றாள் மேகலா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "வூட்டுலயே வச்சிருந்தீங்களே. நாந்தான வச்சிருந்தன், உங்களுக்காக. அவ கொழம்பு வச்சன். அவ பூவ வச்சன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'இது உனக்கு வேணாண்டி, நீ நீயா இரு'ன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

திருமலையின் அந்த வாய்க்கு அன்றைக்குத்தான் வார்த்தை கிடைக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

மேகலா அடுப்படிக்குள் திரும்பினாள். என்ன துரோகம் இது! இன்னொருத்தியோடு ஓடியிருந்தால்கூட ஊரைக் கூட்டி மண்ணை வாரித் தூற்றலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அடுத்த வாரம் மாலை போட்டு, மகள் பார்க்க, மறுபடியும் அதே கழுத்தை நீட்டவேண்டும். யார் கழுத்து அது? கை தானாக மேடைப் பக்கம் போனது. டம்ளரைத் திருப்பிக் கவிழ்க்கப்போன கை, பாதியில் நின்றது.

அதுவும் ராஜாத்தியுடையது.

கோபித்துக்கொள்ளக்கூடத் தனக்கென்று ஒரு வழி இல்லாமல் போயிற்றே என்று அவள் வாய்விட்டு அழுதாள்.

மேடைமேல் இருந்த போன் அடித்தது. ராயக்கோட்டை ரோட்டில் பூக்கட்டும் செல்லி. அறுபதாம் கல்யாணத்து மாலைக்கு அவளிடம்தான் சொல்லியிருந்தது. மேகலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்தாள்.

"அக்கா, மார்க்கெட்ல இன்னிக்கே சொல்லி வச்சாத்தான் கெடைக்கும். மால ரோஜா. தலைக்கு உனக்கு எப்பவும்போல கனகாம்பரந்தான?"

"வேணா."

"வேணாவா? நெசமாவா? அப்ப மல்லியா?"

மேகலா வாயைத் திறந்தாள். மல்லி தனக்குப் பிடிக்குமா? அஞ்செட்டியில் பாவாடை கட்டிக்கொண்டு ஆடு ஓட்டிய நாளில் தலையில் என்ன வைத்திருந்தோம் என்று யோசித்தாள். வேலியோரம் ஏதோ ஒரு பூ இருந்தது. வெள்ளையா மஞ்சளா என்று தெரியவில்லை. வாசனை மட்டும் மூக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

"அக்கா? இக்கிறியா? என்ன பூவுன்னு சொல்லுக்கா."

வாசல்படியில் அந்த முதுகு அசையாமல் இருந்தது. மேகலா ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, நிமிர்த்தவும் மனசில்லாமல் கவிழ்க்கவும் மனசில்லாமல், டம்ளரைப் படுக்கைவாட்டில் பிடித்தபடி நின்றாள். செல்லி லைனில் காத்திருந்தாள்.