தோழமைக்கு ஒரு நேர்காணல்

1.

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. அங்கே கிடந்த அரசாங்கப் பிரசுரம் ஒன்றில், குடியேறியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் உள்ளூர் நண்பர் கட்டாயம் என்று போட்டிருந்தது. நாய் வளர்ப்பதற்கு விதி சொல்வதைப்போல.

முதல் தொடக்கம்: "பனி அந்த நகரத்தின் மீது..." (வேண்டாம். வெளிநாட்டுக் கதை என்றால் குளிரில்தான் தொடங்க வேண்டுமா?)

இரண்டாவது: "தாய்நாட்டை நினைத்து அவள் கண்கள்..." (அவள் அழவில்லை. நான் பார்த்தவரை எரிச்சலில் இருந்தாள்.)

மூன்றாவது தேறும்போல் இருக்கிறது.

2.

பிறந்த வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சிஐடி. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரின் சம்பளம், சர்க்கரை அளவு, மகளின் கல்யாணம் தள்ளிப்போகும் காரணம் எல்லாவற்றையும் இறங்குவதற்குள் கறந்துவிடுவாள். இங்கே வந்து ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க, குடியேறியவர்களுக்கான ஒன்றிணைப்புத் துறை அவளைக் குடிமைப் பண்பு வகுப்புக்குப் போகச் சொன்னது. கூடவே, துறை ஒதுக்கித் தரும் உள்ளூர்த் தோழியோடு ஓராண்டு பழக வேண்டும், முடிவில் நேர்காணல். தேறாவிட்டால் அவளும் கணவனும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வகுப்பில் ஆசிரியை தெளிவாகச் சொன்னார்: "வயசு, சம்பளம், குடும்பம், உடம்புக்கு என்ன, எதையும் யார்கிட்டயும் கேக்காதீங்க. இங்க அது மரியாதைக் குறைவு."

"அப்புறம் என்னதான் பேசறது டீச்சர்?"

"வானிலை."

சிஐடி எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. வாயைத் தைத்துக்கொண்டாள்.

3.

தோழி ஓர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வயது அறுபது இருக்கலாம். (சிஐடி கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.) வியாழக்கிழமைதோறும் டிரைவரம்மாவின் சமையலறையில் தேநீர்.

"இன்னிக்கு மேகமா இருக்குல்லக்கா?"

"ஆமாம்மா. சாயங்காலம் கொட்டும்."

(இவர்கள் பேசுவது தமிழ் இல்லை. சிஐடி அந்த மொழியில் தடுக்கி விழுந்துதான் பேசுவாள். அப்படியே எழுதினால் நீங்கள் தப்பான இடத்தில் சிரிப்பீர்கள். ஆகவே எல்லோருக்கும் என் செலவில் நல்ல தமிழ்.)

சிஐடிக்குத் தெரியாத ஒன்று: டிரைவரம்மாவுக்கும் துறை பயிற்சி கொடுத்திருந்தது. வந்தவர்களிடம் ஊர், உறவு, வந்த காரணம் எதையும் கேட்காதீர்கள், மனம் புண்படும். இரண்டு வாயாடிகள் ஓராண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் சிநேகிதிக்கு எத்தனை புள்ளைங்க?" என்றான் கணவன்.

"தெரியாது."

"நீ? உனக்குத் தெரியாது?" அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

இங்கே ஒரு நிமிடம். அடக்கிய கேள்விகள் எங்கே போகும்? அவளுக்குள் அவை கவலையாக மாறின. ஹோட்டல் படுக்கையை விரிக்கும்போது, அந்த அக்கா இருமினால் தண்ணீர் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாள். கேட்டிருந்தால் பதில் தெரிந்து மறந்தும் போயிருக்கும். கேட்காததால் டிரைவரம்மா அவளுக்குள் குடிவந்துவிட்டார், எந்த அனுமதியும் வாங்காமல்.

4.

நேர்காணல் அதிகாரியை வில்லனாக்க நினைத்து மீசையெல்லாம் வைத்துப் பார்த்தேன். மனிதர் "தண்ணி வேணுமா?" என்று கேட்டுக் கெடுத்துவிட்டார்.

"உங்க தோழிக்குப் பிள்ளைங்க?"

"தெரியாதுங்க."

"வீட்டுக்காரர்?"

"தெரியாது சார்."

"ஒரு வருஷம் பழகியிருக்கீங்க!"

"கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"அது வகுப்பும்மா. அது வேற பிரிவு."

அடுத்த அறையில் அதே அதிகாரி சிஐடியைப் பற்றிக் கேட்க, டிரைவரம்மாவும் எல்லாவற்றுக்கும் கையை விரித்தார்.

"பின்ன என்னதான் பேசினீங்க?"

"மழையப் பத்தி."

சிஐடியும் அதையேதான் சொல்லியிருந்தாள். மேலதிகாரியைக் கேட்டு வருவதாக, இருவரையும் தாழ்வாரத்தில் உட்காரவைத்துவிட்டு அதிகாரி போனார்.

5.

முடிவு அ: அனுமதி கிடைக்கிறது, இருவரும் கட்டிப்பிடித்து... (துறையின் காலண்டருக்குக் கொடுத்துவிடலாம்.)

முடிவு ஆ: விமான நிலையத்தை நோக்கி டிரைவரம்மா பஸ்ஸைப் பறக்க... (ஓய்வுபெற்றவரிடம் ஏது பஸ்?)

நான் இப்படிக் கிறுக்கிக்கொண்டிருந்தபோது சிஐடி என்னைக் கேட்காமலே வாயைத் திறந்தாள். எப்படியும் போகப்போகிறோம், இனி என்ன மரியாதை என்று தோன்றியிருக்கும்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உடம்புக்கு முடியலன்னா உங்கள யாரு பாத்துப்பா?"

"அப்பாடா, கேட்டியா?" என்றார் டிரைவரம்மா. "யாருமில்லடி. வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவுல இன்னொருத்தியோட குத்துக்கல்லாட்டம் இருக்கார்."

"அடப்பாவி மனுஷா! சும்மாவா விட்டீங்க?"

"விடுவேனா? ரிட்டயர் ஆகற வரைக்கும் அவர் நிக்கற ஸ்டாப்புல நான் பிரேக்கே பிடிக்கல. அது கிடக்கட்டும், நீ ஏன்டி ஊரை விட்டு வந்த?"

"அது பெரிய கதைக்கா..."

அதிகாரி வந்து கூப்பிட்டார். காதில் விழவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"கொஞ்சம் இருங்க சார்," என்று சிஐடி கையமர்த்தினாள்.

6.

நான் இங்கே நழுவிக்கொள்கிறேன். அதிகாரியின் இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். "உங்க இஷ்டப்படி முடிவு பண்ணுங்க" என்று மேலதிகாரி கைகழுவிவிட்டார். நேர்காணல் முடிந்துவிட்டதால், இனி இவர்கள் சொல்லும் எதுவும் விதிப்படி செல்லாது. உங்களுக்கு வேண்டிய பதில்களெல்லாம் இப்போதுதான், உங்கள் கண்ணெதிரே, சிரிப்பும் திட்டுமாகக் கொட்டிக்கொண்டிருக்கின்றன.

தொண்டையைச் செருமுவீர்களா? ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வீர்களா?