ஃபீலிம் கான்சிடைன் விரித்த கைகள்

1971ஆம் ஆண்டு அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, மாலை நாலே முக்காலுக்கு ஃபீலிம் கான்சிடைன் விரித்த இரண்டு கைகளும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. அயர்லாந்தில், எங்கள் கவுண்டியின் இரண்டாம் பிரிவு ஹர்லிங் என்னும் மட்டைப் பந்தாட்ட இறுதிப் போட்டியில், கடைசிப் பந்து கம்பங்களுக்கு வெளியே போனது என்று காட்ட விரித்த கைகள் அவை. தோளுக்கு நேராக, ஒன்று கிழக்கே, மற்றது மேற்கே. பந்து வெளியே போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை வருடம் ஆனால் என்ன, நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் கோயில் பங்கு கில்நாரோ; அணியும் அந்தப் பெயரில்தான். ஐம்பத்து மூன்று வருடமாக இரண்டாம் பிரிவிலேயே கிடந்தோம். ஜெயித்தால் முதல் பிரிவுக்குப் போகலாம். பெரிய ஊர்க்காரர்கள் எங்கள் மைதானத்துக்கு வந்து, எங்கள் சேற்றில் விழுந்து எழுந்திருப்பார்கள். அந்த ஆசையில் பூசைக்குக்கூட வராதவர்கள் எல்லாம் அன்று பூசைக்கு வந்தார்கள். எதிரே கரபெக் பங்கு. ஆட்டம் சமநிலையில் இருக்க, கடைசி நிமிடத்தில் எங்களுக்கு ஒரு ஃப்ரீ, யாரும் குறுக்கிடாமல் அடிக்கும் வாய்ப்பு, கிடைத்தது. அறுபத்தைந்து கஜம் தள்ளி, வலது ஓரம். மலக்கி டூஹி அடிக்க வந்தான். பால் கேன் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், முப்பத்தாறு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டன, அதுதான் அவனுக்குக் கடைசி வருடம். பந்தைத் தூக்கி அடித்தான். அது கம்பத்தின் உச்சியையும் தாண்டிய உயரத்தில், கம்பத்துக்கு உள்பக்கமாகப் போனது. பின்னால் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்த பதினோரு பேர் பார்த்தார்கள். பந்து அந்தக் கம்பத்தை ஒட்டிப் போனதால், அங்கே வெள்ளைக் கோட்டும் கொடியுமாக நின்றவர் சொல்வதுதான் முடிவு. உள்ளே என்றால் வெள்ளைக் கொடியைத் தூக்குவார், வெளியே என்றால் கைகளை விரிப்பார். அங்கே நின்றது ஃபீலிம்.

ஃபீலிம் யார் என்பதில்தான் எல்லா வினையும். கம்பத்தருகே நிற்பவர்களை நடுவரே கூட்டிவருவது எங்கள் பக்கத்து வழக்கம். தம்பியோ, பக்கத்து வீட்டுக்காரனோ, காரில் இடம் பிடித்தவனோ, யாராக இருந்தாலும் சரி. அன்று வழக்கமாக வருகிறவனின் பசு கன்று போட இருந்ததால் நடுவர் தன் ஊரான டூனாலனிலிருந்து ஃபீலிமை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஃபீலிமின் மனைவி சபீனா, மலக்கியின் கூடப்பிறந்த தங்கை. நடுவருக்கு அது ஞாபகமில்லை. கரபெக்காரர்களுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. ஆட்டம் முழுக்க ஃபீலிமின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினார்கள்.

"மச்சான் அடிப்பான், மச்சான் கொடி தூக்குவான். நாங்க எதுக்குடா டிக்கெட் வாங்கிட்டு வந்தோம்?"

நாங்கள் புகார் எழுதினோம். புகார் ஐரிஷ் மொழியில் இருக்க வேண்டும், அயர்லாந்திலேயே செய்த தாளில் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒரு வாரம் உட்கார்ந்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற ஐரிஷில் எழுதினார். கவுண்டி கமிட்டியில் ஒருவர் அதைப் படிக்கவே இல்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உள்ளே இங்கிலீஷ் ஆலை ஒன்றின் நீர்முத்திரை தெரிந்தது. புகார் தள்ளுபடி. ஆட்டம் சமன்தான் என்று இரண்டு வாரம் கழித்து மறு ஆட்டம் வைத்தார்கள். எங்கள் ஆட்கள் பந்தை விட்டுவிட்டு ஆளை அடித்தார்கள். இரண்டு பேரை வெளியே அனுப்பினார்கள். பதினோரு பாயிண்டில் தோற்றோம்.

அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஃபீலிம் வேறு பங்குக்காரன், கமிட்டி தூரத்தில் இருந்தது. மலக்கி பக்கத்தில் இருந்தான். முதலில், எங்கள் அணிக்கு ஆள் தேர்வு செய்யும் தேடி லெனிஹன் என்பவர்தான் ஆரம்பித்தார். "அவ்வளவு ஓரமா ஏன் அடிக்கணும்? நடுவுல அடிச்சிருந்தா எவன் கேட்டிருப்பான்?" என்றார். பிறகு எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஒரு வருடத்துக்குள் மலக்கி அடித்த பந்து வெளியே போனது என்றே பேச்சாகிவிட்டது. மரத்தில் இருந்த பதினோரு பேரில் ஒன்பது பேருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லாரியில் போனால் பொடிசுகள் கைகளை விரித்துக் காட்டும். மலக்கி மைதானம் இருக்கும் தெருவையே விட்டு, மூன்று மைல் சுற்றிப் போவான்.

ஃபீலிமின் வெள்ளைக் கோட்டைச் சபீனா அன்று மாலையே கத்தரிக்கோலால் வெட்டிக் கழற்றினாள். டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தார், எலும்பில் கோளாறில்லை என்றார், தைலம் எழுதிக் கொடுத்தார். ஃபீலிம் கதவுகளில் பக்கவாட்டாக நுழையப் பழகினான். காரில் போனால் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட வேண்டும், ஜனவரியிலும். கோயிலில் அவனுக்கு ஒரு பெஞ்சு முழுக்கத் தேவைப்பட்டது. பீடத்துக்கு மேல் சிலுவையில் ஒருவர், பெஞ்சில் ஒருவர் என்று ஜனங்கள் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கியதால், கடைசி வரிசைக்குப் போகும்படி பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டார். பதினான்கு பசுக்களையும் சபீனாதான் கறந்தாள். கேன்களை வாசலுக்கு உருட்டி வருவாள். அவள் அண்ணன் லாரியை நிறுத்தி ஏற்றிக்கொள்வான். வீட்டுப் பக்கம் திரும்பமாட்டான்.

அவள்தான் புருஷனுக்கு ஊட்டிவிட்டாள். ஒவ்வொரு வேளையும் கரண்டியை வாய்க்கு முன்னால் நிறுத்திக் கேட்பாள்.

"பந்து உள்ளயா, வெளியயா?"

"வெளிய."

"வாயத் தொற." உருளைக்கிழங்கு உள்ளே போகும். ஒன்பது வருடம் இது நடந்தது. அவள் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் கோபத்தில் அவள் கறந்த பால் மட்டும் வாளியிலேயே கொதித்தது. பால் பண்ணையில் முதலில் வாங்க மறுத்தார்கள், பிறகு ஆறவைத்து வாங்கிக்கொண்டார்கள்.

1980 மே மாதம் மலக்கி லாரியை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, இங்கிலாந்தில் கவென்ட்ரிக்குப் போகப் போவதாகச் சொன்னான். திங்கட்கிழமை காலை பஸ், அன்றிரவு கப்பல். நாற்பத்தைந்து வயதில், தெரிந்தவர் யாருமில்லாத ஊருக்கு. இந்தச் செய்தி வந்த வியாழக்கிழமை சபீனா தட்டை ஃபீலிமின் முன்னால் வைத்தாள், கரண்டியை எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து தன் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

"பசிக்குது சபீனா."

"எங்க அண்ணன் ஊரை விட்டுப் போறான். உனக்குப் பசிக்குதா?"

வெள்ளிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை இரவு ஃபீலிம் சொன்னான். "உள்ளதான் போச்சு. ஒரு சாண் உள்ள. அன்னிக்கே தெரியும்."

அவள் அழவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? நாளைக்கு கில்நாரோ கோயில் வாசல்ல சொல்லு" என்றாள்.

எங்கள் பங்கில் ஆடு காணோம் என்பதிலிருந்து ஏலம் வரை எல்லாவற்றையும் பூசை முடிந்ததும் கோயில் வாசலில்தான் அறிவிப்பார்கள். ஞாயிறன்று ஃபீலிம் அங்கே மதில் மேல் ஏறி நின்றான். மூன்று நாள் பட்டினியில் உடம்பு ஆடியது, கைகள் மட்டும் ஆடவில்லை. மலக்கி கூட்டத்துக்குப் பின்னால், தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.

"மலக்கி அடிச்ச பந்து உள்ள போச்சு" என்றான் ஃபீலிம். "என் கண்ணால பாத்தேன். வெள்ளைக் கொடியைத்தான் எடுக்கப் போனேன். மச்சானுக்குப் பாத்துக் கொடுத்துட்டான்னு சொல்வீங்களேன்னு பயந்துட்டேன். நேர்மையா இருக்கறதா நெனச்சு அநியாயம் பண்ணிட்டேன்."

இப்போது கைகள் இறங்கிவிடும் என்று நாங்கள் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கவில்லை. தேடி லெனிஹன்தான் கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"சொல்லியிருப்போம்" என்றார். "கொடிய தூக்கியிருந்தா, அப்படித்தான் சொல்லியிருப்போம். ஜெயிச்ச நாங்களே சொல்லியிருப்போம்."

"அப்ப என்னை ஏன்யா ஒம்போது வருஷம் சொன்னீங்க?" என்று கேட்டான் மலக்கி. அவன் அந்தப் பந்தைப் பற்றி எங்களிடம் பேசியது அந்த ஒரே ஒரு முறைதான். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். நடுவர், கமிட்டி, இங்கிலீஷ் தாள் என்று இத்தனை வருடம் யார் யார் மேலேயோ எரிந்த வயிறு, அன்று வாசலில் நின்றபோது வேறு பக்கம் திரும்பியது. இன்றுவரை அது அங்கேதான் எரிகிறது.

கமிட்டிக்கு மறுபடி எழுதினோம், இந்தமுறை சரியான தாளில். முடிவு முடிவுதான் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அது வருவதற்கு முன்பே மலக்கி போய்விட்டான். திங்கட்கிழமை காலை நெடுஞ்சாலையில் பெட்டியோடு நின்றான். சபீனாவும் ஃபீலிமும் வந்தார்கள். ஃபீலிம் அவன் எதிரே போய், அந்த விரித்த கைகளோடு நின்றான். மலக்கி ஓரடி முன்னால் வந்து அந்தக் கைகளுக்கு நடுவே நின்றான். கைகள் மடங்கவில்லை. முதுகைச் சுற்றி வளைக்க அவற்றால் ஆகவில்லை.

"இதுக்குக்கூட ஒதவல பாரு மச்சான்" என்றான் மலக்கி.

ஃபீலிமின் வலது கை சாலைப் பக்கம் நீண்டிருந்ததைப் பார்த்து, யாரோ கை காட்டுகிறார்கள் என்று டிரைவர் பஸ்ஸை நிறுத்தினான். மலக்கி ஏறிக்கொண்டான். அதற்குப் பிறகும் ஃபீலிம் தினமும் காலையில் அங்கே போய் நின்றான். பஸ் நிற்கும், கதவு திறக்கும், யாரும் ஏறமாட்டார்கள், கதவு மூடிக்கொள்ளும். ஒரு வருடம் போனபின் பஸ் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நிறுத்தப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள்.