லைன் கோளாறு

"இன்னிக்கும் மூணுதாம்மா" என்றான் ஜெரால்டு.

இசபெல்லா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டிவித் திரையைப் படித்தாள். இணையச் சோதனை வெற்றி என்று கேம் பெட்டி தன்னைத் தானே பாராட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "நாட் டைப் 3" என்று இருந்தது. மூன்று என்றால் வீட்டின் கதவு சாத்திக் கிடக்கிறது, உள்ளே இருப்பவர்கள் வெளியே எட்டிப் பார்க்கலாமே தவிர வெளியே இருப்பவர்கள் நேராக உள்ளே வர முடியாது என்று அர்த்தம். இது இரண்டு ஆக வேண்டும். அதற்காகத்தான் டெலிபோன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்பு ரௌட்டரோடு மூன்று வாரமாக அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு வேலை. பிரின்சிபால்கள் ஏழு பேரைச் சமாளித்தவளுக்கு இந்த டப்பா அடங்க மாட்டேன் என்றது.

ஜெரால்டுக்குப் பதினேழு வயது. தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோகிற நோய். பத்து வயதில் மாடிப்படி போனது, பன்னிரண்டில் நடை போனது. அதற்குப் பிறகு ஜன்னலோரமாக இந்தச் சக்கர நாற்காலிதான். அவள் பள்ளியில் வேலை முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பிய அமெரிக்க வாத்தியார் ஒருவர் தன் பிள்ளைகள் விளையாடிய கேம் பெட்டியை இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஜெரால்டின் அப்பா உபகாரத்துக்கு அது பிடிக்கவே இல்லை. டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற மனிதர், சீசனில் வீட்டுக்கு வருவதே அபூர்வம். வந்த ஒரு நாள் மகன் திரையில் ஓடுகிற ஆட்களோடு தனியாகப் பேசி வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்டார். நெட் இருந்தால் நிஜ ஆட்களோடு ஆடலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, மறுநாளே போய் பிராட்பேண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். 2008ஆம் வருடக் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டுக்கு வந்த பரிசு அதுதான்.

விளையாட்டு கால்பந்து. ஒரு அணியில் ஐந்து பேர், ஆளுக்கொரு ஊர். மதன் கோயம்புத்தூர்க்காரன், அவன்தான் கேப்டன். ஜெரால்டு இடது ஓரம். திரையில் அவன் பந்தை வாங்கிக்கொண்டு ஓடினால் எதிரணிக்காரன் வெறுங்கையோடு நிற்பான். "நேர்லயும் நீ இப்படித்தான் ஓடுவியாடா?" என்று ஒருநாள் மதன் கேட்டான். ஹெட்செட்டுக்கு வெளியேயும் கேட்கிற தொண்டை அவனுக்கு. "ஆமா, மலையில பொறந்தவன்ல?" என்றான் ஜெரால்டு. பொய் சொன்னால் வாயில் மிளகாயை வைத்துத் தேய்க்கிற தாய்தான் இசபெல்லா. அன்றைக்கு அவள் தலை நிமிராமல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதமாகத்தான் தகராறு. "நான் அமுக்குறது ஒரு நேரம், திரையில என் ஆளு உதைக்கிறது ஒரு நேரம்மா. லேக் அடிக்குது" என்றான் ஜெரால்டு. பந்து கைமாறிப் போனது, கோல் தப்பியது. முதலில் கேலி செய்த பையன்கள் பிறகு எரிச்சலானார்கள். மூன்று வாரம் முன்பு மதன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். மாதக் கடைசிச் சனிக்கிழமை ஃபைனல், அதற்குள் லைனைச் சரி செய்யாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். "மன்னிச்சுக்கடா, வேற வழியில்ல" என்றும் சொன்னான். நல்ல பையன்தான். அன்றிரவு ஜெரால்டு சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டான்.

இசபெல்லா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். பள்ளிக் கணினியில் தேடி எடுத்ததையெல்லாம் பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டு வந்தாள். பிரவுசரில் நம்பரை அடித்து ரௌட்டருக்குள்ளே போவது, கேம் பெட்டிக்கு வேண்டிய போர்ட்டுகள் என்கிற வாசல்களைத் திறந்துவிடுவது, எல்லாம் பழகிப்போயிற்று. திறந்த மறுநாள் பார்த்தால் மறுபடி மூன்று. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர். ஒவ்வொரு தடவை உயிர் வரும்போதும் ரௌட்டர் வீட்டிலிருக்கிற சாமான்களுக்கு நம்பரை மாற்றிக் கொடுத்துவிடுகிறது, இவள் கஷ்டப்பட்டுத் திறந்த வாசலெல்லாம் மூலையில் இருக்கும் பழைய கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒன்பது நாளாயிற்று. கேம் பெட்டிக்கு மாறாத நம்பர் ஒன்றைக் கொடுத்து, அந்த நம்பருக்கே வாசல்களைத் திறந்துவிட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சோதனையை ஓட்டினாள்.

நாட் டைப் 2.

"ஏலே, ரெண்டு! ரெண்டுடா!" என்று நடுவீட்டில் குதித்தாள். கேசரி கிண்டினாள். ஜெரால்டும் சிரித்துக்கொண்டே இரண்டு வாய் வாங்கிக்கொண்டு விளையாட உட்கார்ந்தான். கால் மணி நேரம் போயிருக்கும்.

"இன்னும் லேக் இருக்கும்மா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஞானவேலை வரவழைத்தாள். மூஞ்சிக்கல் கடைத்தெருவில் கணினிக் கடை வைத்திருப்பவன், பள்ளிக்கூடத்துக்கும் அவன்தான் பார்க்கிறான். ஜெரால்டு உள்ளறையில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஞானவேல் லேப்டாப்பை விரித்து என்னென்னவோ தட்டிப் பார்த்தான். அவள் செய்து வைத்திருந்ததைப் பார்த்து, "அக்கா, எங்கடைக்கு வேலைக்கு வந்துருங்க" என்று சிரித்தான். பிறகு டிவி முன்னால் சம்மணம் போட்டு, முகம் தெரியாத யாரோடோ ஒரு முழு ஆட்டம் ஆடி முடித்தான். மூன்று கோல் போட்டான்.

"லைன் சுத்தமா கெடக்குங்கக்கா. துளி லேக் இல்ல."

"நல்லாப் பாரு ஞானவேலு. புள்ள தெனமும் சொல்றானே."

"நான்தான் ஆடிப் பாத்துட்டேனேக்கா. அமுக்குன ஒடனே ஓடுறான். ரௌட்டர்ல இனி ஒரு சோலியும் இல்ல. மழை வர்ற மாதிரி இருக்கு, நான் வெரசாக் கெளம்புறேன்."

அவன் போய் வெகுநேரம் வரை அவள் சுருக்கெழுத்துத் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று முதல் தாளிலிருந்து திரும்பப் படித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிறதே என்று முதன்முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

அன்று சாயங்காலம் ஜெரால்டு விளையாடும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை. அவன் கட்டைவிரல்களைப் பார்த்தாள். வலது கட்டைவிரல் எழுந்தது. பட்டனுக்கு மேலே வந்து நின்றது. ஏதோ ஞாபகம் வராதது போல நின்றது. பிறகுதான் இறங்கி அமுக்கியது. அமுக்கிய அந்தக் கணமே திரையில் அவன் ஆள் பந்தை உதைத்தான். நடுவில் ஒரு இமைப்பொழுதுகூட இல்லை. ஆறு வருடம் முன்பு மதுரையில் பெரிய டாக்டர் சொன்னது அவளுக்கு அப்போது கேட்டது. "கை கடைசியாத்தாம்மா போகும். அது வரைக்கும் அவன் இஷ்டத்துக்கு விடுங்க." போன மாதம் சட்டைப் பட்டனைப் போட்டுவிடச் சொன்னான். குளிர் என்று நினைத்தாள். சின்ன ஸ்பூன் கேட்டான். பிள்ளைக்கு ஏதோ ஆசை என்று நினைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரௌட்டரைப் பார்த்தவள், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்த பிள்ளையைப் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். கர்த்தரே, லைனாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அழுதாள்.

சொல்லிவிடலாமா என்று இரவெல்லாம் யோசித்தாள். என்னவென்று சொல்வது?

சனிக்கிழமை ஆறு மணிக்கு ஆட்டம். அவளே அவன் தலையில் ஹெட்செட்டை மாட்டிவிட்டாள். கன்ட்ரோலரை மடியில் தலையணை வைத்து அதன்மேல் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை ஓய்ந்து மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. திரையின் ஓரத்தில் ஐந்து பேருடைய பெயரும் இருந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் லைன் எப்படி இருக்கிறது என்று காட்டும் சின்னக் கோடுகள். ஜெரால்டு பெயருக்குப் பக்கத்தில் எல்லாக் கோடும் பச்சை. மற்ற எல்லோரையும்விட நன்றாக இருந்தது அவன் லைன். அவள் கைப்பட நிமிர்த்தி வைத்த கோடுகள் அவை.

பத்தாவது நிமிடத்தில் பந்து அவனிடம் வந்து போனது. பிறகு இன்னொன்று. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது, மதன் எங்கிருந்தோ ஓடி வந்து பந்தை இவன் காலடியில் வைத்தான். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். ஜெரால்டின் கட்டைவிரல் எழுந்தது. நின்றது. எவனோ ஒருவன் குறுக்கே வந்து பந்தைத் தள்ளிக்கொண்டு போனான்.

"டேய், என்னடா பண்ற?" என்று மதன் கத்தியது அவளுக்கும் கேட்டது.

"லேக்குடா மச்சான்."

"எங்கடா லேக்? உன்னோடது ஃபுல்லா பச்சையா காட்டுது. எங்க எல்லாத்தையும் விட சூப்பரா இருக்கு உன் லைனு."

 ஜெரால்டின் காது மடல் சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தாள். அவன் ஒளிந்துகொள்ள இருந்தது ஒரே ஒரு இடம். அதைத்தான் மூன்று வாரமாக இவள் பெருக்கித் துடைத்துத் திறந்து வைத்திருக்கிறாள். "சொல்றா, கையில வேற ஏதாவது வெச்சுட்டு இருக்கியா? தூங்கறியா?" என்றது ஹெட்செட். இன்னொரு குரல் சிரித்தது.

இசபெல்லா எழுந்தாள். கூடத்தைத் தாண்டி, டெலிபோன் ஸ்டூல் இருக்கும் நடைக்குப் போனாள். அங்கிருந்து ஜெரால்டைப் பார்க்க முடியாது, அவனாலும் அவளைப் பார்க்க முடியாது. ரௌட்டரில் நான்கு விளக்குகளும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தன. டெலிபோன் வயரின் நுனியிலிருந்த நாக்கை நகத்தால் அழுத்தி இழுத்தாள்.

கூடத்தில் மைதானத்தின் இரைச்சல் சட்டென்று நின்றது. பிழைச் செய்தி வருகிற டொக் என்ற ஒலி கேட்டது. இனி கோயம்புத்தூரில் மதன் பார்க்கும் திரையில் ஜெரால்டின் பச்சைக் கோடுகள் அணைந்திருக்கும். பாவம், லைன் போயிருச்சு என்று பேசிக்கொள்வார்கள். ஆட்டம் அவன் இல்லாமல் நடக்கும்.

அவள் குரலைச் சரி செய்துகொண்டாள்.

"என்னய்யா ஆச்சு? லைன் போயிருச்சா?"

"ஆமாம்மா."

"இந்த மழைக்கு எங்க நிக்கும். இரு, பாக்குறேன்."

 நாற்காலிச் சக்கரம் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு அவன் பேசினான். கோபமில்லை. அழுகையும் இல்லை.

"மேட்ச் முடியட்டும்மா. அப்புறமா வயர மாட்டுங்க."

இசபெல்லா அப்படியே நின்றாள். வயர் கையில் இருந்தது. ரௌட்டரில் ஒரு விளக்கு மட்டும் அறுந்த லைனைத் தேடி விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.