படிகாரப் பொடி

பதூலை எப்படியாவது மறுபடி மார்பைப் படம் எடுக்கும் அந்த மேமோகிராம் அறைக்குள் அனுப்பிவிட வேண்டும். ஸக்கியாவுக்கு இது ஒன்றுதான் கவலை. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, மொராக்கோவின் ஃபெஸ் நகரில் ஒரே வீட்டில் காலமெல்லாம் குப்பை கொட்டுகிற ஓரகத்திகள் இருவரும். பதூலின் அம்மா மார்புப் புற்றில்தான் போய்ச் சேர்ந்தாள்.

இரண்டு வருஷம் முன்பு பதூலின் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மூன்று வாரம் சோறு தண்ணீர் இறங்கவில்லை. திரும்ப எடுத்தால் ஒன்றுமே இல்லை! ஏன் என்று ஒருவரும் சொல்லவுமில்லை.

"ஒண்ணுமில்லாததுக்குச் செத்துப் பொழைச்சேன். இனி அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்" என்றுவிட்டாள் பதூல்.

"நானும் எடுத்துக்கறேன்டி. எனக்கு ஒண்ணுமில்லேன்னு வந்தா நீ போகணும்."

"நீயா? கசாப்புக் கடைக்காரனைப் பார்த்தாலே முக்காட்டை இழுத்துக்கறவ நீ! சரி, பாக்கறேன்."

டாக்டரிடம் அழுக்கு உடம்போடு போய் நிற்பதாவது! முந்தின நாள் ஸக்கியா ஹம்மாம் என்கிற நீராவிக் குளியல் கூடத்துக்குப் போனாள். ஆவியில் ஊறி, கறுப்பு சோப்பு போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்து, வியர்வை நாறாமலிருக்க அக்குளிலும் மார்புக்கு அடியிலும் படிகாரப் பொடியை அப்பிக்கொண்டாள்.

மறுநாள் படம் எடுத்த பெண் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவாம்.

ஸக்கியா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பதூல் பையைத் தூக்கிவிட்டாள். "பாத்தியா? ஆளை அரைகுறையாக் கொல்றதே இவங்களுக்கு வேலை. எந்திரி அக்கா, போகலாம்."

எல்லாம் கெட்டது என்று நினைத்தாள் ஸக்கியா.

"இருங்கம்மா. மேல ஏதாவது பூசியிருக்கீங்களா?"

"படிகாரம்... நேத்து ஹம்மாம்ல."

அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "அது படத்துல புள்ளி புள்ளியா விழுமே! கழுவிட்டு வாங்க."

கழுவி எடுத்த படத்தில் புள்ளி இல்லை. டாக்டரம்மாவும் பார்த்து, ஒன்றுமில்லை என்று தலையசைத்தார். பதூல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"அக்கா, அன்னிக்கு எனக்கு யார் பூசிவிட்டா?"

ஸக்கியாதான். 'ராணி மாதிரி போடி' என்று தன் கையால் பூசி அனுப்பியவள். அப்புறம் அந்த மூன்று வாரமும் பயத்தில் பதூல் ஹம்மாம் பக்கமே போகவில்லை, படிகாரமும் பூசவில்லை.

"ஐயோ, பாவி! நானாடி உன்னை அப்படி அலற வச்சேன்?" ஸக்கியா குலுங்கி அழுதாள்.

பதூல் தன் முக்காட்டு நுனியால் அவள் முகத்தைத் துடைத்தாள். "அத்தனை ராத்திரியும் புருஷனை விட்டுட்டு வந்து என் பக்கத்துல படுத்தது யாரு? அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு. மூக்கைச் சிந்து."

"படிகாரம் இல்லாமலும் இந்தப் படம் சில சமயம் சும்மா பயமுறுத்தும்மா" என்றாள் படம் எடுத்த பெண், பதூலிடம். "சில சமயம் இருக்கறதையே காட்டாம விட்டுடும். ரெண்டு படத்துக்கு நடுவுல கட்டி தட்டுப்பட்டா, நல்ல படம் இருக்கேன்னு சும்மா இருந்துடாதீங்க. ஆனா சின்னதா இருக்கும்போதே பிடிச்சா பொழைக்கற வழி அதிகம். உங்க பழைய சீட்டுல பாத்தேன், உங்கம்மாவுக்கு வேற வந்திருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

பதூல் முக்காட்டை அவிழ்த்து ஸக்கியாவின் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். படம் எடுக்கும் அறையின் வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"இந்தத் தடவை புள்ளி வந்தா, பழி போடப் படிகாரம் இல்லையே அக்கா."

"என் மேல போடு" என்றாள் ஸக்கியா. "இங்கேயேதான் உக்காந்திருப்பேன்."