பதிமூன்று புள்ளி எட்டு

வோல்ட் அளக்கும் புது மல்டிமீட்டர் வந்த பெட்டியைப் பார்த்தால், உள்ளே ஒரு குட்டி யானையை மடித்து வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றே தோன்றும். ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக் அதைத் தன் வேலை மேசையில் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார். பின்னறை முழுக்க அவருடைய பொழுதுபோக்குதான். அங்கே கிடந்த ஒயரை எல்லாம் முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். நன்றாக ஓடுகிற மீட்டர் ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு, சாட்சிக்கே சாட்சியா என்று கேட்டுவிட்டுப் போனாள். குறி தப்பவில்லை. புது மீட்டர் சாட்சி சொல்லத்தான் வந்திருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் தங்கை வீட்டுக்காரருக்கு அவர் ஒரு பாட்டரி சார்ஜர் செய்து கொடுத்தார். பதிமூன்று புள்ளி எட்டு வோல்ட்டில் நிறுத்தி, வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மேல் சிவப்பு நகப்பூச்சு வைத்து முத்திரையிட்டார். ஆறே மாதத்தில் பாட்டரி செத்தது. உன் மீட்டர் பொய் சொல்கிறது என்றார் மச்சான். உனக்குப் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியவில்லை என்றார் இவர். பேச்சு தடித்தது. இவர் வெளியே போகச் சொன்னார். மச்சான் சார்ஜரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். தங்கையும் அவரோடு போனாள். அதன்பின் இரு வீட்டுக்கும் நடுவே எறும்புகூட ஊர்ந்ததில்லை.

இன்று புது மீட்டர் தன் பக்கம் பேசிவிட்டால் தலை நிமிர்ந்து சாகலாம்.

அந்தச் சார்ஜரின் தூசியைத் தட்டி, இரண்டு மீட்டரையும் ஒருசேர மாட்டினார். பழையது பதிமூன்று புள்ளி எட்டு என்றது. புதியது பதிமூன்று புள்ளி ஒன்று.

புதியதைத்தான் முதலில் சந்தேகித்தார். ஒயரை மாற்றினார், முனையைத் துடைத்தார், பெட்டியைக்கூட ஒருமுறை முறைத்தார். அது மசியவில்லை. பிறகுதான் பழைய மீட்டரின் ஓரத்தில் ஒரு சின்னப் பாட்டரிப் படம் கண்ணில் பட்டது. எத்தனையோ வருடமாக அது அங்கேதான் இருந்தது. திரையோடு வந்த அலங்காரம் என்று நினைத்திருந்தார். ஊரிலிருந்த லிஃப்டுகளின் விளக்குகளுக்கெல்லாம் பொருள் சொன்ன மனிதர்.

முதுகைத் திறந்தார். உள்ளே ஒன்பது வோல்ட் பாட்டரி பச்சை பூத்துக் கிடந்தது; பசித்த மீட்டர் இத்தனை நாளும் எதையும் கூட்டித்தான் சொல்லியிருக்கிறது. புகை எச்சரிக்கைக் கருவியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி மாட்டினார். படம் மறைந்தது. பழைய மீட்டரும் பணிவாகச் சொன்னது: பதிமூன்று புள்ளி ஒன்று. மச்சானின் பாட்டரியை அரைவயிறாகவே போட்டுக் கொன்றது இவருடைய சார்ஜர்தான்.

இரண்டு நாள் பின்னறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் சார்ஜரையும் இரண்டு மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுப் படியேறினார்.

தங்கை கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, ஒதுங்கி நின்றாள். ஜன்னல் ஓரம் மச்சான் உட்கார்ந்திருந்தார். முகம் இவர் பக்கம் திரும்பியது, கண் திரும்பவில்லை. சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் கொண்டுபோய் மூன்று வருடமாம்.

இவர் எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் குறுக்கிடாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அந்தக் குறி அன்னைக்கே எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு மச்சான். சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள வெளிய போன்னுட்ட."

"இப்ப ரெண்டும் ஒண்ணாதான் காட்டுது. வேணும்னா பாரு..." இவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மாட்டு."

மாட்டினார். சார்ஜர் முனகத் தொடங்கியது.

"எவ்வளவு?"

"பதிமூணு புள்ளி ஒண்ணு."

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ சொல்ற. நான் என்னத்தக் கண்டேன்."

இவர் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டினார். சுருட்டுவதற்கு வெகுநேரம் ஆயிற்று.