நாலு நிமிட மூப்பு

முற்பகல் பதினொன்று ஐம்பத்தெட்டு. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, தோழிகள் இருவரும் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, பதிவேட்டில் நெட்டை எழுதிய நேரம் அது. அடுத்த வரியில் குட்டை எழுதியது பிற்பகல் பன்னிரண்டு இரண்டு. இருவருக்கும் சேர்த்து ஒரே பேனா, அதுவும் குட்டையுடையது. "நீ போடு மொதல்ல. மை வருதான்னு பாக்கலாம்" என்று குட்டைதான் நீட்டினாள். நெட்டையின் நிஜப் பெயர் நீளம். அப்பா, தாத்தா எல்லாரும் ஏறிக்கொண்டு வருவார்கள். முகவரியையும் முத்து முத்தாக எழுதி முடிப்பதற்குள் உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

அந்த நாலு நிமிடம் இத்தனை காலம் கோப்புக்குள் தூங்கியது. போன வாரம் தலைமை நூலகர் ஓய்வு பெற்றதும் எழுந்து உட்கார்ந்தது. பணிமூப்புப் பட்டியலில் நெட்டை ஒன்று, குட்டை இரண்டு. ஜன்னல் வைத்த அறை அங்கே ஒன்றுதான், தலைமை நூலகருடையது.

"பன்னெண்டு மணிக்குள்ள சம்மதக் கையெழுத்து வேணும்மா. இல்லைன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்" என்று எழுத்தர் காலையிலேயே பதவி உயர்வுக் கடிதத்தை நெட்டையின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நெட்டைக்கு அந்த அறை வேண்டும். வெளியே மழை பெய்வதை, நனைந்த குடையோடு வருகிறவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டே பாதி வயது போய்விட்டது. ஆனால் எதிர் மேசையில் குட்டை காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காத நாள் என்று அந்த நூலகத்தில் விடுமுறை நாள் மட்டும்தான் உண்டு.

பொறுக்க முடியாமல் நெட்டை அகராதியை எடுத்து, எதிர் மேசைக்குக் கேட்கிற மாதிரி படித்தாள். "மூப்பு. மூ என்ற வேர், மூத்தல், முதிர்தல். முதல் பொருள், முதுமை. ரெண்டாவது, தலைமை." முந்திக் கையெழுத்துப் போடுவது என்று எங்கேயும் இல்லை.

"முதல் பொருள்தான் எப்பவோ வந்தாச்சே. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ சாயம் பூசுறியே" என்றாள் குட்டை, தலை நிமிராமல்.

வாய் திறந்துவிட்டது. நெட்டைக்குப் போன உயிர் வந்தது.

"அன்னிக்குப் பேனா உன்னுதுடி. நியாயமா நீதான் முன்ன."

"ஓஹோ. இப்பத்தான் திருப்பித் தர்றியாக்கும்."

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

"குடு, தியாகி! அப்புறம் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் நான்தான் விட்டுக்குடுத்தேன்னு சொல்லிக்கிட்டுத் திரி." குட்டை ஒரு நூற்பட்டியல் சீட்டைத் திருப்பினாள். "எனக்கும் ஆசைதான். இல்லைன்னா பொய்."

கடிகாரம் பதினொன்று ஐம்பத்தாறு காட்டியது. மேசையில் மூன்று பேனாக்கள் கிடந்தன. நெட்டையின் கை எதன் பக்கமும் போகவில்லை. வாசலில் எழுத்தர் தொண்டையைச் செருமினார்.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம். குட்டை எழுந்து வந்தாள். மூன்று பேனாக்களையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"ஜன்னலோரம் எனக்கும் ஒரு நாற்காலி போடணும். மழை வந்தா வருவேன்."

நெட்டை எழுத ஆரம்பித்தாள். அப்பா பெயர் முடிந்து தாத்தா பெயருக்கு வந்திருந்தாள். குட்டை கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து காகிதத்தைப் பார்த்தாள்.

"மை வருதா?"