கழுவாத கல்

தேர்வாளர் வருகிறார் என்றால் உள்ளதையெல்லாம் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கிவிட வேண்டும் என்னும் மூடத்தனம் பள்ளிக்கூடங்களோடு நின்றுவிடவில்லை. காட்டாங்குளத்தூரில் புதிதாக எழுந்த ஒரு பல்கலைக்கழகத்திலும் அது கோலோச்சியது. டெபோராவின் ஆறாண்டு ஆராய்ச்சிக்கு வாய்மொழித் தேர்வு நடக்கவிருந்த காலையில், உடன் ஆய்வு செய்யும் ஜாய்சன், அவள் லடாக்கிலிருந்து சுமந்துவந்த கற்களை அமிலத்தில் கழுவி வரிசையாக அடுக்கிவைத்திருந்தான்.

"வெள்ளை வெள்ளையா அழுக்கு ஒட்டினு இருந்துச்சுக்கா. வெளியாள் வராரே, நீட்டா இருக்கட்டும்னுதான்."

அந்த வெள்ளைதான் அவளுடைய சாட்சி. மழை அரிதான அந்த மலைச்சரிவுகளில் கற்குவியல்கள் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடுபோல் முக்கோணமாகச் சாய்ந்து கிடக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கடுங்குளிர்க் காலத்தில், விரிசலில் புகுந்த நீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளந்தது; உருண்ட கற்கள் சரிவை மூடின; பிற்கால வெள்ளங்கள் அறுத்தவை போக எஞ்சியவையே அம்முக்கோணங்கள் என்பது அவள் முடிவு. பிளந்த முகத்தில் மெல்லப் படிந்த சுண்ணப் பூச்சே பிளவின் பழமைக்குச் சான்று.

வெளித்தேர்வாளராக வந்த பேராசிரியர் துரைராஜ் ஒரு கல்லைப் புரட்டினார். "உடைஞ்ச இடம் புதுசா இருக்கேம்மா. உங்க சுத்தியல் வேலையா?"

அவையில் சிரிப்பு. அவள் கற்கள் கழுவப்பட்டதைச் சொல்லி, லடாக்கில் எடுத்த படங்களைக் காட்டினாள்.

"படம் வேணாம். பூச்சோட ஒரு கல்லைக் காட்டுங்க. ரெண்டு மணிக்கு நான் கிளம்பணும்."

டெபோரா வெளியே ஓடிச் சிட்லபாக்கத்து வீட்டை அழைத்தாள்.

"அம்மா, பால் சட்டி மூடிமேல வெச்சிருக்கீங்களே, நம்பர் போட்ட கல்லு. அதைக் கழுவினீங்களா?"

"எங்க கழுவ விட்ட? தண்ணிகூடப் படக்கூடாதுன்னு அந்தக் குதி குதிச்சியே."

"உடனே எடுத்துட்டு வாங்க."

"அப்போ பாலு? பூனை குடிச்சிடுமேடி."

"குடிக்கட்டும்மா."

ஒன்றேகால் மணிக்கு அம்மா ரத்தினபாய் மின்ரயிலில் வந்து இறங்கி, மூச்சிரைக்கக் கூடைப்பையை மேசைமேல் வைத்தார். துரைராஜ் கல்லின் எண்ணைப் படத்தோடு ஒப்பிட்டார், உருப்பெருக்கியால் பார்த்தார், பிளந்த முகத்தில் அமிலம் ஒரு துளி விட்டார். வெள்ளைப் பூச்சு நுரைத்துப் பொங்கியது.

"சுண்ணம்தான். சுத்தியல் ஒடச்ச முகத்துல இது படிய ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும்," என்றார் அவர், எல்லார் காதிலும் விழும்படி. "நான் கேட்டது தப்பு. இந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி."

ஜாய்சன் நுரையைத் துடைக்கத் துணியோடு நெருங்கினான்.

"கையை எடுப்பா," என்றார் பேராசிரியர். கையெழுத்திட்டு எழுந்து, "வாழ்த்துகள், டெபோரா," என்றார்.

"டாக்டர் டெபோரா, சார்," என்றார் ரத்தினபாய்.